தீவுக்குருவிகளை வெயிலில் போட்ட நாள்

ஜேர்மனியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை செத்த பறவைகளுக்குத் தூசு தட்டுவது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்து சேர்ந்தேன். அங்கிருந்து எங்களைப் பிரித்து அனுப்பியபோது எனக்கு விழுந்தது வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். அகதி வழக்கு முடியும்வரை விரும்பிய வேலைக்குப் போகக் கூடாது. நகர எல்லையைத் தாண்டவும் கூடாது. ஆனால் சமூகநல அலுவலகம் பொதுவேலை என்று எதையாவது தந்தால் மறுக்க முடியாது, போக வேண்டும். மற்றவர்களுக்குப் பூங்காவில் இலை கூட்டும் வேலை, இடுகாட்டில் புல்லுப் பிடுங்கும் வேலை கிடைத்தன. என்னிடம் என்ன படித்தாய் என்று கேட்டார்கள். உயர்தரத்தில் விலங்கியல் என்றேன். அதிகாரி நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். தவளை அறுத்த படிப்பு அந்த அளவில் பயன்பட்டது.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று. கீழே கண்ணாடிக் கண் வைத்த நரி, காட்டுப்பன்றி, இரண்டு ஆந்தை. பள்ளிப் பிள்ளைகள் வந்து பன்றியின் மூக்கைத் தொட்டுவிட்டுப் போவார்கள். மாடியில் உயரமான மரப் பெட்டகங்கள். ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காக இழுப்பறைகள், இழுப்பறைக்குள் பறவைகள். பறப்பதுபோல் நிறுத்தி வைத்தவை அல்ல. குடலெடுத்து, பஞ்சடைத்து, சிறகை ஒடுக்கி, மல்லாக்கக் கிடத்தி வைத்தவை. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய சின்ன அட்டை. எங்கே பிடித்தது, என்றைக்குப் பிடித்தது, ஆணா பெண்ணா, பிடித்தவர் யார் என்று பழைய மையில் எழுதியிருக்கும். அங்கே இருந்த அந்துருண்டை மணம் சட்டையில் ஏறி அகதி முகாம்வரை கூடவே வரும்.

முகாமில் என்னுடைய அறையில் ஓர் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். நாற்பது வயதிருக்கும். ஜேர்மன் சட்டம் முழுவதையும் கரைத்துக் குடித்தவர் போலப் பேசுவார். அவருடைய ஜேர்மனோ தக்காளி வாங்குவதற்குக்கூடப் போதாது. நான் வேலை முடிந்து வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கதவைத் திறப்பார்.

மாடிக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தனியாள், எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அண்ணை அவருக்குக் குருவி அன்ரி என்று பெயர் வைத்தார். முகாமில் அது ஒட்டிக்கொண்டது. நேரே பேசும்போது நான் ஜேர்மன் முறைப்படி அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவரும் என் தகப்பனின் பெயரை, அத்தனை நீளத்தையும் விழுங்காமல், முன்னால் மரியாதைச் சொல் சேர்த்துக் கூப்பிடுவார். முகாமில் எங்களுக்கு அறை எண்தான் பெயர். அலுவலகத்தில் கோப்பு எண். அதனால் அவர் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளத் தோன்றும்.

அவர் அதிகம் பேசமாட்டார். எனக்கு எதையும் கற்றுத்தர வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்ததில்லை. வேலையைச் சொல்வார், தன் மேசைக்குப் போய்விடுவார். பறவையைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், பழைய தோல்களில் நஞ்சு பூசியிருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நாலு மணிக்கு இரண்டு கோப்பி ஊற்றுவார், ஒன்று எனக்கு. அவ்வளவுதான்.

ஒரே ஒரு இழுப்பறையைத் திறந்தால் மட்டும் அவர் குரல் மாறும். மூன்றாவது பெட்டகத்தில் ஏழாவது இழுப்பறை. அதில் பதினொரு தகைவிலான்கள் இருந்தன. தகைவிலான் என்பது வால் பிளந்த, பறந்துகொண்டே பூச்சி பிடிக்கிற குருவி. இங்கே வசந்தத்தில் மாட்டுக் கொட்டகைகளுக்கு வந்து கூடு கட்டும். அந்த வகையல்ல இவை. பதினொன்றில் ஏழு தென்னமெரிக்கக் கரையில் பிடித்தவை. நாலு கலாபகோஸ் தீவுகளில் பிடித்தவை. அந்த நாலையும் ஒரு கப்பல் வைத்தியர் நூறு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தார். இந்த நாலைப் போன்ற தகைவிலான் அந்தத் தீவுக்கூட்டத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை என்றார் குருவி அன்ரி. கரையிலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் கடலுக்குள் கிடக்கிற தீவுகள். மற்றத் தகைவிலான்களில் பல குளிர் வந்தால் கண்டம் விட்டுக் கண்டம் போகும். இது தன் தீவுகளை விட்டுப் போகாது. பாறைப் பொந்துக்குள் கூடு வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடும்.

எனக்கு அதைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது. ஊரை விட்டு அசையாத பறவையைப் பிடித்து, பஞ்சடைத்து, இந்தக் குளிருக்குள் கொண்டுவந்து பூட்டி வைத்துக் கொண்டாடுகிறார்கள். அசைந்து வந்த எங்களை எந்த விமானத்தில் திருப்பி ஏற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஜேர்மன் இல்லை. அழகான பறவை என்று சொன்னேன். உண்மையில் அழகாகக்கூட இல்லை. இரண்டு கபில நிறப் பெட்டைகளைத் தவிர மற்ற ஒன்பதும் கறுப்பு. யன்னல் பக்கம் பிடித்தால் கொஞ்சம் நீலம் மினுங்கும். தீவுக்குருவி எது, கரைக்குருவி எது என்று எனக்கு அட்டையைப் பார்த்தால்தான் தெரியும்.

எண்பத்தேழு மாசியில் என்னுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்குப் போட்டேன். தேவாலயத்து ஆட்கள் பிடித்துத் தந்த வழக்கறிஞர், ஆனியில் விசாரணை வரும், அதற்கு முன் வேலை செய்யும் இடத்தில் ஒரு நற்சான்று வாங்கி வா என்றார். சட்டப்படி அதற்குப் பெரிய பெறுமதி இல்லை, ஆனால் நீதிபதியும் மனுஷன்தானே என்றார். என்னிடம் வேறு கடதாசி எதுவும் இல்லை. ஊரிலிருந்து ஏதாவது எடுப்பிக்கலாம் என்றால் கடிதமே வந்து சேராத நேரம். ஆக அந்த ஒரு தாள்தான் எனக்கு எல்லாமாக இருந்தது. குருவி அன்ரியிடம் கேட்டேன். கட்டாயம் எழுதித் தருகிறேன், ஆனால் வைகாசியில்தான் நேரம் கிடைக்கும் என்றார். அதற்கு முன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் தீவுக்குருவிகளை அளந்து பார்க்க வருகிறாராம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த இழுப்பறையைப் பார்க்க என்று ஒருவர் வருகிறார். குருவி அன்ரியின் நடையே மாறிப்போயிருந்தது.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை அவர் அந்த இழுப்பறையை மேசைக்கு எடுத்தார். அட்டைகளைக் கட்டியிருந்த நூல் நூறு வருஷப் பழசு, தொட்டாலே அறுந்தது. புது நூலில் கட்ட வேண்டும் என்று பழைய நூல்களை வெட்டி எடுத்து, ஒவ்வோர் அட்டையையும் அந்தந்தப் பறவைக்குக் கீழேயே வைத்தார். அன்றைக்கே அவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வந்தார், முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது. மத்தியானத்துக்கு முன் பல் வைத்தியரிடம் போகக் கிளம்பிவிட்டார். தூசு தட்டி முடித்ததும் பூட்டிவிட்டுப் போங்கள் என்று சாவியைத் தந்தார். இழுப்பறையைத் தொடாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன். நம்பிய ஆளிடம் எதற்குச் சொல்வார்?

அவர் போன பிறகு நான் இழுப்பறையின் ஓரத்தில் தூசு துடைத்தேன். அப்போதுதான் கண்டேன். பறவைகளுக்கு நடுவில் மயிர் முளைத்த சின்னக் கபிலப் புழுக்கள். ஒன்றல்ல, ஏழெட்டு. எனக்குப் பகீரென்றது. இரண்டு கிழமையில் பல்கலைக்கழகத்து ஆள் வரும்போது குருவி அன்ரி பெருமையோடு இழுப்பறையைத் திறக்க, உள்ளே புழு நெளிந்தால் என்ன ஆகும்? அவருக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்றால் பல் வைத்தியர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருப்பார். அந்த நேரம் பார்த்து வெளியே நல்ல வெயில். மாதக்கணக்காகக் காணாத வெயில்.

அரிசியில் வண்டு விழுந்தால், பயற்றில் பூச்சி வைத்தால், கூறைச்சேலைப் பெட்டிக்குள் பூச்சி ஏறினால் எங்கள் ஆட்கள் செய்வது ஒன்றே ஒன்று. வெயிலில் போடுவது. ஒரு மணி நேரம் போட்டால் பூச்சி தன்பாட்டில் எழும்பிப் போகும். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எனக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், நற்சான்றும் மனதுக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது. திங்கட்கிழமை அவர் வந்து பார்த்து, புழுவையும் நீங்களே அகற்றிவிட்டீர்களா என்று கேட்பார், கடிதத்தில் இன்னும் இரண்டு நல்ல வரி விழும் என்று நினைத்தேன்.

கவனமாகத்தான் செய்தேன். கண்ணாடிப் பெட்டிகளைப் போர்த்தும் வெள்ளைத் துணி ஒன்றைப் பின்முற்றத்தில் விரித்தேன். அட்டைகளை வெயிலில் கொண்டுபோனால் மை வெளுக்கும் என்று அவற்றை இழுப்பறைக்குள்ளேயே, இருந்த இடத்திலேயே விட்டேன். பறவைகளை மட்டும் கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்துவந்து, அதே வரிசையில் துணியில் கிடத்தினேன். மேல் வரிசையில் ஆறு, கீழ் வரிசையில் ஐந்து. வரிசை மாறாவிட்டால் திரும்பக் கொண்டுபோய் அந்தந்த அட்டைமேல் வைத்துவிடலாம். பிறகு காகம் தூக்கிவிடக் கூடாது என்று விளக்குமாற்றோடு பக்கத்தில் குந்தியிருந்தேன். முதுகில் வெயில் பட்டுச் சுகமாக இருந்தது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக ஏதோ உருப்படியாகச் செய்கிறேன் என்று நினைத்தேன்.

சித்திரை மாதத்து ஜேர்மன் வானத்தை இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே கூரைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. அடுத்தது துணியில் விழுந்தது. ஆலங்கட்டியும் கலந்த மழை. மிளகாய் காயப் போட்டவர்களுக்கு, பனங்கிழங்கைக் கீறி ஒடியல் காயப் போட்டவர்களுக்கு, மழை வந்தால் கை என்ன செய்யும் என்று தெரியும். யோசிப்பதற்கு நேரமில்லை, கை தானாகச் செய்யும். நான் துணியின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

படிக்கட்டில் இரண்டாவது படியில் கால் வைத்தபோதுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. துணிக்குள் பதினொரு குருவியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மூட்டையாகக் கிடந்தன. ஒன்றுகூட நனையவில்லை. ஒரு சிறகுகூட ஒடியவில்லை. வரிசை மட்டும் இல்லை.

மேசையில் துணியை விரித்து வைத்தேன். கபிலப் பெட்டைகள் இரண்டையும் பெண் என்று எழுதிய இரண்டு அட்டைகள்மேல் வைத்தேன். அதிலும் எது தீவு, எது கரை என்று தெரியவில்லை. கறுப்பு ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிலது கொஞ்சம் பெரிது, சிலது கொஞ்சம் சிறிது. தீவுக்குருவி சிறிது என்று அவர் எப்போதோ சொன்னதாக ஞாபகம். அல்லது நானாக நினைத்துக்கொண்டேனோ தெரியாது. ஒன்றைத் தூக்கி வைப்பேன், திரும்ப எடுப்பேன். கடைசியில் பதினொரு பறவையையும் பதினொரு அட்டைமேல் வைத்து, பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும்படி தலைகளை நேராக்கி, இழுப்பறையை மூடினேன். அந்தத் தலைகளை நேராக்கினேனே, அதுதான் நான் வேண்டுமென்றே செய்த முதல் பொய்.

முகாமுக்கு வந்தபோது அண்ணை பொதுச் சமையலறையில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்.

“அண்ணை, ஒரு பெரிய பிழை விட்டிட்டன்.”

“என்ன, கண்ணாடியை உடைச்சுப் போட்டியோ?”

“இல்லை. குருவியளை மாத்திப் போட்டன். எது எந்தக் குருவி எண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாது.”

“செத்த குருவியள்தானே?”

“ஓம்.”

“செத்ததிலை என்னடாப்பா மாறக் கிடக்கு?” என்று கேட்டுவிட்டுப் பருப்பைக் கிண்டினார். என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்தார். “சொல்லப் போறியோ?”

“திங்கக்கிழமை சொல்லத்தானே வேணும்.”

“இஞ்சை பார். உன்ரை ஃபைல் இப்ப கோர்ட்டிலை கிடக்கு. அந்த மனிசி கோவத்திலை கடிதம் தரமாட்டன் எண்டால் என்ன செய்வாய்? வேலையிலை பிழை எண்டு ஒரு வரி சோஷியல் கந்தோருக்கு எழுதிப்போட்டால் அது நேரை உன்ரை ஃபைலுக்குத்தான் போகும். பிறகு ஒண்டும் செய்ய ஏலாது. கடிதம் கைக்கு வாறவரைக்கும் வாயைத் திறக்காதை. வந்தாப் பிறகு போய்ச் சொல்லு. ஆர் வேண்டாமெண்டது?”

அண்ணை சொன்னதில் பாதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு அது வேதவாக்கு. பழியை அவர்மேல் போட நான் இதை எழுதவில்லை. எனக்கு வேண்டிய பதிலைத்தான் அவர் சொன்னார். அவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் நான் இன்னொருவரைத் தேடிப் போயிருப்பேன். கடிதம் கிடைத்த அன்றே சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை குருவி அன்ரி கன்னத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். பல்லைப் பிடுங்கியிருந்தார்கள், காய்ச்சல் இன்னும் விடவில்லை. இழுப்பறையை மேசைக்கு எடுத்து, மெழுகு பூசிய புது நூலை வெட்டி, முதல் அட்டையை முதல் பறவையின் காலில் கட்டத் தொடங்கினார். நான் எதிர்ப்பக்கம் தூசு துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் கை காய்ச்சலில் நடுங்கியது. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. என்னைக் கூப்பிட்டார், என் தகப்பனின் முழுப் பெயரைச் சொல்லி. முடிச்சு விழும் இடத்தில் விரலை வையுங்கள் என்றார். வைத்தேன். அவர் இறுக்கினார். அடுத்தது. அதற்கும் வைத்தேன். பதினொரு பறவைக்கும், பதினொரு பொய் அட்டைக்கும், என் விரல் தேவைப்பட்டது. அட்டை இல்லாமல் விட்டிருந்தால் அவை தெரியாத பறவைகள் என்ற அளவிலாவது நின்றிருக்கும். இப்போது வேறு பெயரில் நின்றன.

ஒவ்வொரு முடிச்சிலும் சொல்லலாம் என்று நினைத்தேன். நான், பறவை, வெளியே, மழை. நாலு சொல் போதும். நாலு சொல்லும் எனக்கு ஜேர்மனில் தெரியும். இருந்தும் என் ஜேர்மன் போதாது என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். கட்டி முடித்ததும் அவர் மிக்க நன்றி என்றார். அன்றைக்குத் தந்த கோப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் என்றதும் நான் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தவர் என்னை விட இரண்டு மூன்று வயது கூடிய தமிழ் இளைஞர். மெட்ராஸிலிருந்து வந்து இங்கே பறவைகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். குருவி அன்ரி அறிமுகம் செய்துவைத்ததும் என்னைப் பார்த்து முகம் மலர்ந்து, “தமிழா நீங்க? சிலோனா? நான் ரெண்டு மாசமா தமிழே பேசலைங்க” என்றார். அதுவரை எனக்கிருந்த ஒரே சாட்டு மொழி. அதுவும் அந்த நிமிஷத்தோடு போய்விட்டது.

அவர் ஒரு சின்ன அளவுகோலும் இடுக்கியும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பறவையாகச் சிறகை அளந்து எழுதினார். குருவி அன்ரி பக்கத்தில் நின்று அட்டைகளை வாசித்துச் சொன்னார். ஐந்தாவது பறவையோடு இளைஞர் எழுதுவதை நிறுத்தினார். திரும்ப அளந்தார். முதல் நாலையும் திரும்ப எடுத்து அளந்தார். பிறகு ஜேர்மனில் ஏதோ மெதுவாகக் கேட்டார். தீவு என்று அட்டை சொல்கிற குருவி கரைக்குருவியை விடப் பெரிதாக இருக்கிறது, கரை என்று எழுதியது மிகச் சிறிதாக இருக்கிறது என்பது எனக்கே விளங்கியது. குருவி அன்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தானும் அளந்தார். பிறகு பழைய பதிவேட்டை எடுத்துவர மற்ற அறைக்குப் போனார்.

அவர் போனதும் அந்த இளைஞர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க இங்கதானே வேலை பாக்கறீங்க. இந்த லேபிளெல்லாம் மாறியிருக்குன்னு நினைக்கிறேன். யாராவது இந்த ட்ராயரைத் தொட்டாங்களா?”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

“இல்ல, சொன்னா ஈஸியா சரி பண்ணிடலாம்னு கேக்கறேன். எந்த ஆர்டர்ல வெச்சாங்கன்னு தெரிஞ்சா போதும்.”

“எந்த ஒழுங்கிலை இருந்தது எண்டு எனக்குத் தெரியாது.”

இரண்டாவது பதில் உண்மை. அதுதான் கொடுமை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால்கூட எதையும் திருப்பி வைத்திருக்க முடியாது. ஆனால் பழி யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போயிருக்கும்.

பேச்சை மாற்ற வேண்டும் என்று, புழு ஏதும் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் இழுப்பறையின் மூலையிலிருந்து கபில நிறத்தில் ஒன்றை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். “இதுவா? இது வெறும் கூடுங்க. புழு எப்பவோ வளந்து பறந்து போயிருச்சு, பத்து இருபது வருஷம் முன்னாடி. தோல்ல ஆர்சனிக் விஷம் இருக்கு, ரொம்ப நாள் எதுவும் தங்காது” என்றார். நான் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தவிடு போல, ஊதினால் பறக்கிற ஒரு வெறும் தோல். இதற்காகத்தான் நான் அத்தனையையும் செய்தேன். யாரும் கேட்காத உதவி, இல்லாத புழுவுக்கு.

குருவி அன்ரி பதிவேட்டோடு வந்தார். அதில் எண்ணும் ஊரும் தேதியும்தான் இருந்தன. பறவையின் அளவு எழுதியிருக்கவில்லை. இருவரும் நெடுநேரம் பேசினார்கள். மிகச் சிறிய ஒன்றிரண்டைத் தீவுக்குருவி என்று ஊகிக்கலாம், ஆனால் தோல் காய்ந்து சுருங்கியிருக்கும், இளசாகவும் இருக்கலாம், உறுதியாக எழுத முடியாது என்றார் இளைஞர். எந்தத் தீவு, எந்த நாள் என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. தன்னுடைய ஆய்வில் இவற்றைச் சேர்க்க முடியாது என்பதையும் சொன்னார். மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

குருவி அன்ரி நாற்காலியில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு பறவைகளைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, நான்தான் செய்திருக்கிறேன் என்றார். எனக்குக் காய்ச்சல் இருந்தது, நூலை வெட்டும்போது அட்டைகளை மாற்றி வைத்திருக்கிறேன், அந்த நிலையில் நான் வேலைக்கு வந்திருக்கவே கூடாது என்றார். அந்த இளைஞர் யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றார். நான் சுவரோடு நின்றேன். கடிதத்தை நினைத்தேன். விமானத்தை நினைத்தேன். கொழும்பு விமான நிலையத்தில் கறுப்புக்கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பவர்களை நினைத்தேன். இவ்வளவையும் நினைத்த எனக்கு, எதிரில் இருந்த அந்த மனுஷியை நினைக்கத் துணிவு வரவில்லை.

அன்று பின்னேரம் அவர் ஒரு வெள்ளை அட்டை எடுத்து எழுதினார். இந்த இழுப்பறையின் அட்டைகள் என்னுடைய கவனக்குறைவால் மாறிவிட்டன, இவற்றின் பிறப்பிடம் இனி நிச்சயமில்லை என்று எழுதி, கீழே முழுப் பெயரும் தேதியும் போட்டு, பறவைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பிரதி ஒன்றை நகரசபைக்கும் அனுப்பினார். யாரும் கேட்கவில்லை, அவராக அனுப்பினார். பிறகு நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்து அவரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அதற்குப் பிறகு பெட்டகச் சாவிகள் அவரிடம் இருக்கவில்லை. ஏதாவது திறக்க வேண்டும் என்றால் கீழே போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மாடியை வைத்திருந்தவர், ஒவ்வொரு காலையும் படியிறங்கிப் போய் நுழைவுச்சீட்டு விற்கும் பையனிடம் சாவி கேட்டு வாங்கினார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் வழக்கு பிறகு இழுபட்டு, வேறு ஒரு வழியால் முடிந்தது. நான் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறேன். அந்தக் கடிதத்தை நீதிபதி வாசித்தாரா என்பதுகூடத் தெரியாது. குருவி அன்ரி ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய், அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டேன். கடிதம் கைக்கு வந்ததும் சொல்வேன் என்று செய்த சத்தியத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் அந்தக் கடைசிப் பகுதியை எழுத இத்தனை வருஷம் எடுத்தது.

வைகாசி முடியும் நேரம், ஒரு காலை அவர் தட்டச்சு இயந்திரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். முடித்ததும் தாளை உருவி என்னிடம் நீட்டினார். முதலில் நீங்கள் வாசியுங்கள் என்றார். உட்காரவும் சொன்னார். அரைப்பக்கம் இருந்தது. என் பெயர் ஒரு எழுத்தும் பிசகாமல் இருந்தது. ஒன்றரை வருஷமாக நேரம் தவறாமல் வருகிறேன் என்று இருந்தது. கவனமானவர், நேர்மையானவர் என்று இருந்தது. திருப்பி வாங்க முடியாத பொருட்களை இவர் கையில் ஒரு கவலையும் இல்லாமல் ஒப்படைக்கலாம், நான் ஒப்படைத்திருக்கிறேன் என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்காத ஒரு சொல்லாவது இருக்காதா என்று திரும்பவும் வாசித்தேன்.

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நிதானமாகப் பாருங்கள், பிழை ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், நான் கையெழுத்துப் போட்ட பிறகு மாற்ற முடியாது என்றார்.

பிழை ஒன்றும் இல்லை என்றேன். அவர் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.